விசிறிக் கழுத்து மாப்பிள்ளை

எழுபதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம், கல்யாணம் முடிந்து இருபது நாளில் சங்கரன்கோவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே உதவி ஸ்டேஷன் மாஸ்டர். எனக்குப் பிறந்த ஊர் வாசுதேவநல்லூர். வீட்டுக்குப் பின்னால் குளத்தங்கரை, அதைத் தாண்டி வயல், அதற்கும் அப்பால் மலை என்று பச்சையையே பார்த்து வளர்ந்தவள் நான். குவார்ட்டர்ஸின் பின்கதவை முதல் நாள் திறந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. செம்மண், சரளைக்கல், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்து நிற்கிற உடைமரம், கொஞ்சம் ஆவாரஞ்செடி. அப்புறம் சரக்கு வேகன் நிறுத்துகிற சைடிங் லைன். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். "வாரேன்", "கதவச் சாத்திக்கோ", "கொழம்பு நல்லாருக்கு". ஒரு நாளைக்கு இதுதான் மொத்தப் பேச்சு. கோபக்காரர் இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. ஸ்டேஷன் பென்சில் சட்டைப் பையில் வீட்டுக்கு வந்துவிட்டால், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிற மனிதர்.

வந்து பத்து நாள் இருக்கும். காலை பத்து மணி வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆவாரஞ்செடி மறைவிலிருந்து ஒரு சின்ன ஓணான் வெளியே வந்தது. சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். மண் நிறம், முதுகில் வரிசையாகக் கறுப்புச் சதுரங்கள். நான் வேட்டியை உதறிய சத்தத்துக்கு அது சட்டென்று எழுந்து நின்றது. பின்னங்கால் இரண்டில் நின்று, வாலைத் தூக்கிக்கொண்டு, முன்னங்கால்களை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓடியது பாருங்கள், ரயிலைப் பிடிக்க வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடுகிற ஆள் மாதிரியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவர் முகத்தில் பாதிச் சவர நுரையோடு வெளியே ஓடிவந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஓணான் ரெண்டு கால்ல ஓடுது."

"ஓணானா?"

"ஆமா. மனுசன் கணக்கா."

அவர் என்னையும் அந்தச் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். "வெயில்ல ரொம்ப நிக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என் புத்தி கலங்கிவிட்டதோ என்று அன்றைக்குச் சந்தேகப்பட்டதாக, பத்து வருடம் கழித்து என்னிடம் ஒத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து காலைச் சமையல் முடிந்ததும் பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் ஊர் வேலியில் கிடக்கிற ஓணான் மரத்தில் ஏறும். இது ஏறவே ஏறாது. தரையிலேயே பிழைப்பு. விடிந்து வெயில் ஏறினால்தான் வெளியே வரும். முதலில் உடம்பைத் தட்டையாக்கிக் குளிர் காயும். பிறகு எறும்பு, கரையான், சின்னத் தத்துக்கிளி என்று வேட்டை. உச்சி வெயிலில் மண் கொதிக்கிறபோது செடி நிழலுக்குள் போய்விடும். மண் சுட்டால் காலை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி வைக்கும். மூன்று மணிக்கு மேல் திரும்பவும் வரும். கொஞ்ச நாளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு என்று தெரிந்துகொண்டேன். எங்கள் துணிக்கொடிக் கம்பத்தின் அடியில் கிடந்த கருங்கல் ஒன்றுக்குச் சொந்தக்காரனாக ஒரு ஆண் இருந்தது. வேறு எதுவும் அந்தக் கல்லில் ஏற முடியாது. அதன் கழுத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு தோல் மடிப்பு, கழுத்தைச் சுற்றித் துண்டு போட்ட மாதிரி. அதை வைத்து அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன்.

பங்குனி பிறந்தது. ஒரு நாள் அவருக்கு மத்தியானம்தான் டூட்டி. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்வாசலிலிருந்து அவர் குரல்.

"ஏட்டி! இங்கன வா! சீக்கிரம் வா!"

என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அதுவரை எனக்குக் கூப்பிடும் பெயரே கிடையாது. கனைப்பார், நான் திரும்புவேன். களைந்த அரிசியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மாப்பிள்ளை கல்லின் மேல் நிமிர்ந்து நின்றிருந்தது. கழுத்து மடிப்பு விரிந்தது, சுருங்கியது, மறுபடியும் விரிந்தது. தாடையிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு விசிறி. வெள்ளைத் தோல், நடுவே பட்டுநூல் ஓடினாற்போல் நீலம், அங்கங்கே ஆரஞ்சுத் தெறிப்பு. வெயில் அதன் வழியாக ஊடுருவித் தெரிந்தது. இத்தனை அழகை அந்த மண்ணுருண்டை இத்தனை நாளும் கழுத்துக்குள் மடித்து வைத்திருந்திருக்கிறது. பத்தடி தள்ளி இன்னொரு கல்லில் இன்னொரு ஆண். அதுவும் விசிறியது. இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் ஓணான், எந்த நிறமும் இல்லாமல், இருவரையும் சட்டை செய்யாமல் எறும்பு தின்றுகொண்டிருந்தது.

"யாருக்காக இந்த ஆட்டம் போடுதான்னு அவளுக்குத் தெரியவே இல்லையே" என்றார் அவர்.

"தெரியும். தெரியாத மாதிரி இருக்கா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"பேரு ஏதும் வச்சிருக்கியா?"

"மாப்பிள்ளை."

"அப்ப நான் யாரு?"

அரிசியைச் சாக்கு வைத்து உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பேச விஷயம் வந்துவிட்டது. டூட்டி முடிந்து வந்ததும் தொப்பியைக் கழற்றுவதற்கு முன்னால், "ஹோம் சிக்னல் கிட்ட மூணு பாத்தேன். ஒண்ணு சரளைமேல ஏறி நின்னு விசிறுது" என்பார். நான் பகலில் பார்த்ததைச் சொல்வேன். வல்லூறு ஒன்று வந்து உட்கார்ந்ததும் அத்தனையும் விசிறியைச் சுருட்டிக்கொண்டு மண்ணோடு மண்ணாகிப் போனதை, காக்கை ஒன்று ஒரு வாலை மட்டும் தூக்கிக்கொண்டு போனதை. ஒரு நாள் கைக்குட்டையில் எதையோ பொதிந்து கொண்டுவந்தார். தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்த ஓணான். மரவட்டையைக் கண்டாலே காலைத் தூக்கிக்கொள்கிற மனிதர், எனக்காக அதைக் கையில் எடுத்து வந்திருந்தார். பழைய தினத்தாளில் வைத்து இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

"பின்னங்கால்ல விரல எண்ணு" என்றார்.

எண்ணினேன். நாலு. மறு காலிலும் நாலு. வேலியில் திரிகிற சாதாரண ஓணானுக்கு ஐந்து உண்டு. அவர் அதையும் முந்தின வாரமே பார்த்து வைத்திருந்தார். ஓடுவதற்கு ஒரு விரலைக் குறைத்துக்கொண்டதோ என்னவோ என்று சொன்னார். சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாலு விரல் என்பது இந்த இனத்துக்கு அடையாளம் என்று பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தபோது, அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது தெற்கத்திப் பக்கத்து ஓணானைத் தனி இனமாகப் பிரித்து, அதன் அறிவியல் பெயரிலேயே விசிறி என்ற நம் சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கும் அவருக்குத்தான் அதிகச் சந்தோஷம்.

ஆனி பிறந்த சமயம் எதிர்பாராமல் ஒரு மழை. மறுநாள் காலை அந்தப் பெண் ஓணான் வயிறு பருத்து, சைடிங் லைன் ஓரமாக மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. முன்னங்காலால் தோண்டும், பின்னங்காலால் தள்ளும். நின்று நாலு பக்கமும் பார்க்கும். மறுபடியும் தோண்டும். நான் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். குழி ஒரு விரல்நீள ஆழம் வந்ததும் அது திரும்பி வாலை உள்ளே விட்டது. ஒன்று, இரண்டு என்று வெள்ளையாக முட்டைகள். வேப்பம்பழத்தை விடச் சின்னவை. பதினொன்று வரைக்கும் எண்ணினேன். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் தட்டித் தட்டிச் சமன்படுத்தி, மேலே இரண்டு சருகை இழுத்துப் போட்டுவிட்டு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. வற்றி ஒட்டிப்போன வயிறோடு அது போவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துவிட்டது. அவர் அதையே சாப்பிட்டுவிட்டு வந்து இடத்தைப் பார்த்தார். சாயங்காலம் நாலு கல்லை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி வைத்தார். யாரும் மிதித்துவிடக்கூடாது என்று அந்தக் கற்களுக்குச் சுண்ணாம்பும் அடித்தார். பிளாட்பாரத்து ஓரக்கல்லுக்கு அடிக்க வந்த ஸ்டேஷன் சுண்ணாம்பு அது.

இரண்டு வாரம் கழித்து, லைனைப் பார்வையிட எஞ்சினியர் ட்ராலியில் வந்தார். தண்டவாளத்தின் மேலேயே ஆட்கள் தள்ளிக்கொண்டு வருகிற வண்டி அது. சைடிங் ஓரத்தில் இறங்கி நடந்தவர் வெள்ளைக் கற்களைப் பார்த்து நின்றார். நான் அடுக்களை ஜன்னலுக்குள் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

"என்ன மாஸ்டர் இது? இங்கன என்ன, தோட்டமா?"

ஏதாவது ஒரு பொய் சொல்லிவிடக்கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன். அவருக்குப் பொய் வராது.

"ஓணான் முட்டை வச்சிருக்கு சார். வீட்ல பாத்துக்கிட்டு இருக்காங்க."

ட்ராலி தள்ளுகிறவர்களும் பின்னால் நடந்துவந்த லைன் ஆட்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். எஞ்சினியர் சிரிக்கவில்லை. "நாளைக்கு இந்த எடத்துலதான் சிலீப்பர் கட்டை எறக்கணும். மூணு வேகன் வருது. கல்லையெல்லாம் எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு ட்ராலியில் ஏறிவிட்டார். அவர் வேலை அவருக்கு. தப்பு சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது. "என்னால முடிஞ்சது இவ்வளவுதான்" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. அத்தனை பேர் நடுவில் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்ன மனிதரிடம் எப்படிக் கோபம் வரும்?

அப்போது பின்வாசலில் ஒரு குரல் கேட்டது. "தாயி, உள்ள இருக்கியளா?"

லைன் வேலை பார்க்கிற கேங்குக்கு மேட், அதாவது அவர்களுக்கு மேஸ்திரி. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய வீட்டார் ஆடு மேய்க்கிறவர்கள். அவருக்கும் என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். ட்ராலிக்குப் பின்னால் சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

"அந்த முட்டைய வேற எடத்துக்கு மாத்திரலாம். ஆனா உருட்டிராதிய. நாங்க கொத்துதப்ப எத்தனையோ முட்டை வெளிய வந்திருக்கு. தல மாத்திப் போட்டு மூடுனா அழுகிப் போவும். இருந்த வாக்குலயே வச்சா சிலது பொரிக்கும். நா பாத்திருக்கேன்."

மறுநாள் விடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம். மேட் தன் மண்வெட்டியைத் தொடவில்லை. என்னிடம் ஒரு கரண்டி கேட்டு வாங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். முதல் முட்டை தெரிந்தது. இட்டபோது இருந்ததைவிட நன்றாகப் பருத்திருந்தது. ஓடு கோழி முட்டை மாதிரி உடைகிற ஓடு இல்லை. அழுத்தினால் குழிகிற தோல்.

"மேல்பக்கம் எதுன்னு அடையாளம் போடணுமே" என்றேன்.

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஸ்டேஷன் பென்சில். ஒவ்வொரு முட்டையின் தலையிலும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு புள்ளி வைத்தார். மேட் அதைக் கரண்டியில் ஏந்தி, மண் நிரப்பிய இரும்புச் சட்டியில் புள்ளி மேலே தெரியும்படி வைத்தார். இப்படி ஒன்பதாவதை வைத்தபோது தூரத்தில் எஞ்சினின் கூவல் கேட்டது. வேகன்கள் வந்துகொண்டிருந்தன.

"ஏலே, அவனுகள அங்கனயே நிக்கச் சொல்லு" என்று மேட் தன் ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "இன்னும் ரெண்டு பாக்கியிருக்கு!"

குவார்ட்டர்ஸின் கிழக்குச் சுவர் ஓரத்தில் அதே ஆழத்துக்குக் குழி எடுத்து, அதே மண்ணைப் போட்டு மூடினோம். வெள்ளைக் கற்களும் அங்கே போயின. அரை மணி நேரத்தில் பழைய இடத்தின் மேல், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற அந்தச் சிலீப்பர் கட்டைகள் தடதடவென்று விழுந்தன. சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

ஆடிக்காற்று தொடங்கியது. மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்தது. குழி மேலிருந்த மண் பறந்துவிடும் என்று பயந்து ஒரு பழைய ஓலைக் கூடையைக் கவிழ்த்து வைத்தேன். வெயில் கிடைக்காதே என்று எடுத்தேன். மறுபடியும் வைத்தேன். அவர் டூட்டிக்குப் போகும்போதெல்லாம், "கூடை இருக்கா, எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அடுத்து ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசு வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். கோயிலில் இடமில்லாதவர்கள் ஸ்டேஷனைச் சுற்றி மூன்று கல் வைத்துப் பொங்கிச் சாப்பிட்டார்கள். எங்கள் சுவர் ஓரமெல்லாம் ஆட்கள். நான் அடுக்களைக்கும் கிழக்குச் சுவருக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை குழம்பை இறக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், கூடையை யாரோ எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். கற்களுக்குக் குங்குமம் வைத்திருக்கிறது. நடுவில் மஞ்சள்பொடி. ஒரு அம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். கையில் பால் செம்பு. வெள்ளையடித்த கல்லையும் குமிந்த மண்ணையும் பார்த்துப் புற்று என்று நினைத்துவிட்டாள். புற்றுமண் பிரசாதம் வாங்க வந்த ஊரில் அப்படி நினைக்காமல் எப்படி நினைப்பாள்?

"யம்மா, பால ஊத்தாதிய!" என்று பாய்ந்தேன்.

அவள் திடுக்கிட்டுச் செம்பை நிமிர்த்தினாள். "ஏம்மா, புத்துக்குப் பால் ஊத்தக்கூடாதா?"

"உள்ள முட்டை இருக்கு. நனைஞ்சா செத்துரும்."

"நாகத்து முட்டையா?" அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

பொய் சொல்லியிருக்கலாம். கூட்டம் முழுக்கத் தள்ளி நின்றிருக்கும். ஆனால் அந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதத்தில் எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது.

"இல்ல. ஓணான் முட்டை."

அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, பாலைத் தன் பேத்திக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, கூடையைத் தானே எடுத்து மூடினாள். "நீ போய் ஒன் வேலையப் பாரு தாயி, நா பொழுதடைய இங்கனதான் இருப்பேன்" என்றாள். சொன்ன மாதிரியே சாயங்கால வண்டி வரும்வரைக்கும் கூடைப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கிட்டே வந்த ஒவ்வொருவரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். எந்த ஊர்க்காரி என்று கேட்க மறந்துவிட்டேன்.

தபசு முடிந்து நாலைந்து நாள் இருக்கும். காலை பதினொரு மணி வாக்கில் கூடையைத் தூக்கினேன். மண்ணில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. மூக்கு, கண், முன்னங்கால். முழுதாக வெளியே வந்து விழுந்த குஞ்சு, வாலோடு சேர்த்தால் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் நீளம். முதுகில் அந்தக் கறுப்புச் சதுரங்களும் அச்சுப் பிசகாமல் இருந்தன. ஒரு நிமிஷம் வெயிலில் அசையாமல் கிடந்தது. பிறகு யாரும் சொல்லிக் கொடுக்காமலே செடியைப் பார்த்து ஓடிவிட்டது. அடுத்த தலை தெரிந்தது.

செருப்புக்கூடப் போடாமல் பிளாட்பாரத்துக்கு ஓடினேன். அவர் கொடியும் கையுமாக நின்றிருந்தார். வண்டி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் புகை விட்டுக்கொண்டு வந்தது.

"வருது! வெளிய வருது!" என்று கத்தினேன். அங்கே நின்றிருந்த பயணிகள் எல்லாரும் ரயில் வருகிற திசையைப் பார்த்தார்கள். அவருக்கு மட்டும் விளங்கியது. முகம் மலர்ந்தது. உடனே வாடியது. வண்டியை விட்டுவிட்டு அவர் எப்படி வருவார்?

"நீ போ, நீ இருந்து பாரு. எண்ணிக்கோ" என்றார்.

திரும்பி ஓடிவந்து எண்ணினேன். மூன்று, நாலு, ஐந்து. வண்டி வந்து நின்றது. ஆள் இறங்கியது, ஏறியது. ஆறு. விசில் ஊதியது. அந்த வண்டி அத்தனை நேரம் நின்ற மாதிரி எனக்கு என்றைக்கும் தோன்றியதில்லை. கடைசிப் பெட்டி நகர்ந்ததும், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிற ஆள் மாதிரி அவர் ஓடிவந்தார். கையில் பச்சைக் கொடியை இன்னும் சுருட்டவில்லை. ஏழாவது அப்போதுதான் வெளியே வந்தது. அவர் மண்ணில் முழங்காலிட்டு முகத்தைத் தரையோடு வைத்தார். குஞ்சு அவர் மூக்குக்கு எதிரே ஒரு கணம் நின்று பார்த்தது. பிறகு எழுந்து இரண்டு காலில் ஓடிவிட்டது.

அவர் எழுந்திருக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்து, "பாத்தியா? பாத்தியா ஏட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளை யூனிபாரம் முழுக்கச் செம்மண். அதைத் துவைத்து எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் மேட் வந்து குழியைத் தோண்டிப் பார்த்தார். மூன்று முட்டை அழுகிக் கறுத்திருந்தது. வெறும் தோலாகக் கிடந்தவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பினார். எட்டு.

"ஏழுதானே வந்துச்சு?" என்றேன்.

"ஒண்ணு நீங்க கூடையத் தூக்குததுக்கு முன்னாலயே கெளம்பிட்டான் தாயி" என்றார் மேட்.

ஐப்பசி மழையில் எதுவுமே கண்ணில் படவில்லை. மறு வருடம் பங்குனியில் கம்பத்தடிக் கல்லில் ஒரு ஆண் ஏறி நின்று விசிறியது. மாப்பிள்ளையின் நீலம் இன்னும் அடர்த்தி. இது வேறு. இவற்றுக்கு ஆயுசு குறைவு, பெரும்பாலும் ஒரு வெயில்காலத்தோடு சரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரியாததால், எங்கே போயிற்று என்று ஒரு வாரம் தேடினேன். புதியது எங்கள் எட்டில் ஒன்றா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று சொல்ல வழியில்லை. என் வீட்டுக்காரர் படியில் என் பக்கத்தில் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தார். "நம்ம பயதான்" என்று முடிவு கட்டினார்.